மாமனாருக்குக் கொடுத்த வில்லை

அன்றைக்கு என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்:

என் மாமனார் வேலுச்சாமி. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழக்கு வைத்தவர்.

அவருடைய மூத்த மகன் சங்கரன். என் மச்சான். ஊரிலிருந்து ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகிற வழியில் நியாயம் கேட்க இறங்கியவர்.

பெட்டிக்கடை காதர் பாய். தெருமுனையில் கடை. சாட்சி. கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் நின்றார். இரண்டாவது குற்றவாளி.

என் மனைவி செண்பகம். வாசற்படியில் நின்றாள்.

எங்கள் மகள் ராஜி. ஆறு வயது. உள்ளே பாயில் படுத்திருந்தாள்.

மச்சானின் ஆடு.

நான். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். முதல் குற்றவாளி.

வழக்கு இதுதான். மருமகன் மாமனாரின் மடியைத் தடவிப் பார்த்தான்.

தடவியது உண்மை. ஏன் தடவினேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கேட்

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ். அதன் கேட்டில் நான் வாட்ச்மேனாகச் சேர்ந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதினேன். அங்கே என்ன வேலை என்று எழுதவில்லை.

இரண்டு வேலை. காலையில் உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. சாயங்காலம் வெளியே வருகிறவர்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. காலையில் கொண்டுபோனால் ஆபத்து. சாயங்காலம் கொண்டுவந்தால் திருட்டு.

உள்ளே மருந்தில் முக்கியெடுத்த குச்சி மரச்சட்டம் மரச்சட்டமாகக் காயும். ஒரு பொறி போதும். அதனால் பீடி, சிகரெட், தீப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். பீடியை ஆளுக்கு முன்னாலேயே சத்தமாக எண்ணி இரும்புப் பெட்டிக்குள் வைப்பேன். நம்பர் போட்ட தகர வில்லை ஒன்று கொடுப்பேன். சாயங்காலம் வில்லையைக் கொடுத்தால் பீடியை எண்ணிக் கொடுப்பேன். மொத்தம் நாற்பது வில்லை.

ஒரு பீடி குறைந்தது கிடையாது. ஒரு பீடி கூடினதும் கிடையாது.

ஒன்றாம் நம்பர் வில்லை முதலாளிக்கு. இந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். போட்ட மறுநாள் சிகரெட்டோடு உள்ளே போனார். நான் கேட்டை அடைத்தேன்.

"என்னவே, என்னத் தெரியலையா?"

"தெரியுது மொதலாளி."

"பொறவு?"

கையை நீட்டினேன். என் கையைப் பார்த்தார். உள்ளே காய்கிற குச்சியைப் பார்த்தார். கொடுத்தார். ஐந்து சிகரெட் என்று சத்தமாக எண்ணினேன்.

அதற்குப் பிறகு ஒரு சிகரெட் பிடிக்க ரோட்டுக்கு வர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் வில்லையைக் கொடுப்பார். நான் எண்ணிக் கொடுப்பேன். பிடிப்பார். மிச்சத்தை எண்ணி வாங்குவேன். ரோட்டில் போகிறவர்கள் இவரை வாட்ச்மேன் என்றும் என்னைச் சூப்பர்வைசர் என்றும் நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"உன்ன வேலைக்கு வச்சது என் தப்புவே," என்பார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

டாக்டரம்மா சொன்னது

ராஜிக்கு இளைப்பு. நாலு வயதில் வந்தது. பனி விழுந்தால் வரும். பருத்தி லாரி போனால் வரும். வந்தால் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போகும். தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவோம்.

டாக்டரம்மா என் சட்டையை மோந்தார்.

"பீடி குடிப்பீங்களா?"

"ஆமா."

"வீட்டுல எத்தன ரூம்?"

"ஒண்ணு."

"வீட்டுக்குள்ள ஒருத்தர் குடிச்சாலும் புள்ள குடிச்ச மாதிரிதான். ஜன்னலத் திறந்து வச்சாலும் போகாது. மருந்து நான் தருவேன். புகைய நீங்கதான் நிறுத்தணும்."

நான் அன்றோடு விட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செண்பகம் விறகடுப்பைத் தூக்கி வெளியே கொல்லைப் பக்கம் வைத்தாள். வெயிலில் நின்று சமைத்தாள். மிச்சம் இருந்தது ஒரு புகை.

என் மாமனார்.

அவர் இடைசெவலுக்குக் கிழக்கே ஒரு ஊர்க்காரர். மழை பொய்த்த வருஷம் மகளோடு இருக்கலாம் என்று வந்தார். வந்தவர் தங்கிவிட்டார். ராஜி மேல் உயிர். அவளைப் பக்கத்தில் படுக்கப்போட்டுக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டே பீடி குடிப்பார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குப் பெண் கொடுத்தவர். என் அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர். அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன். பீடி குடித்த காலத்தில்கூட அவர் முன்னால் குடித்ததில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் வந்தால் எரிகிற பீடியை உள்ளங்கையில் மறைத்துக் கை சுட்டிருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் பீடியை அணைங்க மாமா என்று எந்த வாயால் சொல்வது?

செண்பகம் சொல்லிப் பார்த்தாள்.

"யப்பா, டாக்டரம்மா புகையே ஆகாதுன்னு சொல்லுதாவ."

"புகைக்கும் புள்ளைக்கும் என்னட்டி சம்பந்தம்? ஒன்ன வளத்தேன்லா? நீ என்ன செத்தா போன?"

அவள் என்னைப் பார்த்தாள். நீங்கதான் சொல்லணும் என்று அர்த்தம். நான் இரண்டு மாதம் யோசித்தேன். வாய் வரவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் ராஜியை மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். மூன்றாம் தடவை அவள் நகம் நீலமாக இருந்தது.

காக்கிச் சட்டை

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பீடி வாங்கிப் போட ஒரு ஓலைக் கொட்டான். வேலையை விட்டுப் போனவர்களின் வில்லை கொஞ்சம் சும்மா கிடந்தது. அதை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். எதற்கு என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். மேலே கேட்கவில்லை.

மருமகனாகச் சொல்ல முடியாது. வாட்ச்மேனாகச் சொல்லலாம்.

மாமனார் காலாற நடந்துவிட்டு வந்தார். நான் எழுந்து நின்றேன். அது மருமகன். பிறகு கையை நீட்டினேன். அது வாட்ச்மேன்.

"பீடி, தீப்பெட்டி."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காக்கிச் சட்டை. நீட்டிய கை. கை தானாக மடிக்குப் போயிற்று. கொடுத்தார். எண்ணினேன். பதினாலாம் நம்பர் வில்லையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி செண்பகம், இது எதுக்கு?"

"வெளிய போவும்போது குடுத்தா பீடி கிடைக்கும்ப்பா."

"பஸ் ஸ்டாண்டுல செருப்புக்குக் குடுப்பாவளே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

மூன்று நாள் ஒழுங்காக நடந்தது. வில்லையைக் கொடுப்பார், வாங்குவார், தெருமுனையில் நின்று குடிப்பார், வந்து எண்ணிக் கொடுப்பார். நான் ஆபீஸில் இருக்கிற நேரம் செண்பகம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். விசில் அவளிடம் இருந்தது.

நாலாம் நாள் வீட்டுக்குள் வாசனை வந்தது. கொடுத்த பீடி கொட்டானில் இருந்தது. கொடுக்காத பீடி ஒன்று மடியில் இருந்திருக்கிறது.

இதுவும் கேட்டில் பார்த்ததுதான். அதற்கு என்ன செய்வேனோ அதைச் செய்தேன். ஐந்தாம் நாள் அவர் உள்ளே வரும்போது மடியைத் தடவினேன். வேட்டி மடிப்பில் ஒரு பீடி. எடுத்துக் கொட்டானில் போட்டேன்.

தெரு பார்த்தது. காதர் பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாமனார் வேட்டியை இறுக்கிக் கட்டினார். செருப்பை மாட்டினார். நேரே தீப்பெட்டி ஆபீஸுக்கு நடந்தார். முதலாளி அப்போது ரோட்டில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வில்லை குடுத்தது நீங்கதானா?"

"ஆமா அண்ணாச்சி. வீட்டுக்குன்னு கேட்டான்."

"மாமனாரத் தடவுததுக்குன்னு சொல்லலையா?"

"சொல்லல."

"ஞாயித்துக்கிழம வாங்க. எம் மவன் வாரான். நியாயம் பேசணும்."

வெயில்

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள்.

எங்கள் வரிசை வீடுகளுக்கு மரம் கிடையாது. வாசலுக்கு எதிரே கரிசல் தரிசு. வெடித்துக் கிடக்கும். பதினொரு மணி வரை சுவர் நிழல் இருக்கும். பிறகு அது வீட்டுக்குள் போய்விடும்.

ஐந்து பேரிடமும் பீடியோ சிகரெட்டோ இருந்தது என்று எழுதப் போனேன். தப்பு. நாலு பேர். என்னிடம் இல்லை.

"உள்ள வந்து பேசலாம்," என்றாள் செண்பகம். "வெயில் ஏறுது."

நான் கையை நீட்டினேன்.

"குடுக்க மாட்டேன்," என்றார் மச்சான். "நியாயம் பேச வந்தவன்ட்டயே வில்லையா? இங்கனயே பேசுவோம்."

பேசினார்கள். வெயில் ஏறியது. காதர் பாய் தலையில் துண்டைப் போட்டார். ஸ்கூட்டர் சீட்டு கொதித்தது. முதலாளி ஒரு காலில் நின்றார், பிறகு மறு காலில் நின்றார்.

"மாப்ள, மாமனார் மடியில கைய வைக்கலாமா? அதச் சொல்லு."

"வைக்கக் கூடாது."

"பின்ன ஏன் வச்ச?"

"பீடி இருந்துச்சு."

"இல்லன்னா?"

"இல்லன்னா அது இருந்திருக்காது."

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் விட்டுக்கொடுத்தவர் முதலாளிதான். அவருக்குப் பழக்கம். மூன்று சிகரெட். ஒன்றாம் நம்பர் வில்லையை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அதை என்னிடம் காட்டி, பத்திரமாகப் பையில் போட்டு உள்ளே போனார்.

"நான் சாட்சிதான். எனக்கென்ன வீறாப்பு?" என்று காதர் பாய் எட்டு பீடியைக் கொடுத்தார்.

மச்சான் ஆட்டைப் பார்த்தார். ஆடு ஸ்கூட்டர் நிழலில் படுத்திருந்தது. அவருக்கு அந்த நிழலும் இல்லை. காதில் சொருகியிருந்த பீடியோடு சேர்த்துப் பதினொன்று கொடுத்தார்.

கடைசியாக மாமனார். வாசலில் நின்று மடியை அவரே அவிழ்த்தார்.

"எண்ணும்வே வாட்ச்மேன்."

எண்ணினேன். பதினேழு முழு பீடி. ஒன்று பாதி குடித்து அணைத்தது.

"பதினேழரை," என்றேன்.

"அரைய எதுக்குச் சொல்லுதீரு?"

"எண்ணிக்கையில வரணும் மாமா."

"வரட்டும். நல்லா நினைப்புல வச்சுக்கிடும். பதினேழரை."

பதினாலாம் நம்பரைக் கொடுத்தேன். உள்ளே போனோம்.

உள்ளே

நியாயம் பேசுகிற கூட்டம் பல பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒன்று சொல்வார். மற்றவர் பீடியை எடுப்பார், தட்டுவார், பற்றவைப்பார், ஒரு இழுப்பு இழுப்பார். அதற்குள் பதில் வந்துவிடும். பதில் வராவிட்டாலும் புகை வரும். பார்க்கிறவர்களுக்கு யோசிக்கிற மாதிரி இருக்கும்.

அன்றைக்கு யாரிடமும் பீடி இல்லை.

மச்சான் தொண்டையைச் செருமினார். கை காதுக்குப் போயிற்று. ஒன்றும் இல்லை. கையை இறக்கினார். காதர் பாய் சட்டைப் பையைத் தடவினார். முதலாளி வில்லையை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பப் பையில் போட்டார்.

யாரும் பேசவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வருமுன்னால் காற்று வரும். கீச்சென்று இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும். அந்தச் சத்தம்.

காதர் பாய் எழுந்தே விட்டார்.

"பைப்புல தண்ணி வருது போல. கொடத்த எடும்மா."

செண்பகம் நகரவில்லை.

"தண்ணி இல்ல பாய். புள்ள நெஞ்சு."

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். ராஜி விழித்துத்தான் இருந்தாள். இத்தனை பேர் பார்க்கவும் வெட்கப்பட்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி கீச்சென்றது.

மாமனார் இந்தச் சத்தத்தைத் தினமும் பக்கத்தில் படுத்துக் கேட்டவர்தான். ஆனால் அப்போதெல்லாம் அவர் கையில் பீடி இருக்கும்.

அவர் எழுந்தார். "இருங்க, ஒரு பீடி குடிச்சிட்டு வாரேன்," என்றார். வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கொட்டான்

ஆபீஸில் இரும்புப் பெட்டி. வீட்டில் ஓலைக் கொட்டான். அங்கேதான் தப்பு. இருபது வருஷம் கேட்டில் நின்றவன் செய்யக் கூடாத தப்பு.

பொருளை வாசலில் வைத்துவிட்டு நானும் உள்ளே போயிருந்தேன். அது இரண்டாவது தப்பு.

ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. ஆடு மென்றுகொண்டிருந்தது. வாயோரம் பீடி கட்டின சிவப்பு நூல் ஒன்று தொங்கியது. ஓலைக் கொட்டானிலேயே பாதியைக் காணோம். சிகரெட், பீடி எல்லாம் உள்ளே போய்விட்டது. தீப்பெட்டியை மட்டும் தொடவில்லை. நாலு பெட்டியும் மண்ணில் சிதறிக் கிடந்தன.

"எல, எல, எல," என்று மச்சான் ஓடி வந்தார். ஆட்டின் வாய்க்குள் விரலை விட்டார். ஆடு விரலைக் கடித்தது.

முதலாளி தீப்பெட்டிகளைப் பொறுக்கினார். லேபிளைப் பார்த்தார். ஒன்றுகூட அவருடைய கம்பெனிப் பெட்டி இல்லை. அதில் ஒன்று அவரே கொடுத்தது.

மாமனார் வில்லையை என் முன்னால் நீட்டினார்.

"வாட்ச்மேன். என் பீடி."

வில்லையை நீட்டிக் கேட்ட யாரிடமும் என் வாழ்க்கையில் நான் இல்லை என்று சொன்னதில்லை.

"இல்ல மாமா."

"எண்ணித்தான வாங்குனீரு?"

"ஆமா."

"எத்தன?"

"பதினேழரை."

"அப்பம் பதினேழரை குடும்."

"நான் கடையத் தொறக்குதேன் அண்ணாச்சி," என்றார் காதர் பாய். "ஒரு கட்டு சும்மாவே தாரேன். இதுக்குப் போயி."

"உம்ம பீடி எனக்கு எதுக்கு? நான் வில்லைக்குக் குடுத்த பீடி எனக்கு வரணும். அது வார வரைக்கும் வேற பீடியத் தொட மாட்டேன்."

மச்சான் முதலாளியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. கேட்டுச் சட்டம் ஒங்க சட்டம்தான்."

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். கையில் சிகரெட் இல்லாததால் நன்றாக யோசித்தார்.

"வாங்குனவன் திருப்பிக் குடுக்கணும். குடுக்குத வரைக்கும் வில்லை அண்ணாச்சிட்டயே இருக்கட்டும். வில்லை வெளிய இருக்குத வரைக்கும் கேட்டும் இருக்கணும். அதான் சட்டம்."

கூட்டம் முடிந்தது. காதர் பாயும் மச்சானும் வில்லையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மச்சான் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். அது என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்போடு போயிற்று. நல்ல விலைக்குப் போனதாகப் பிறகு சொன்னார்.

அரை பீடி

முதல் பத்து நாள் வீட்டில் இருக்க முடியவில்லை. மாமனார் குழம்போடு சண்டை போட்டார். ரேடியோவோடு சண்டை போட்டார். பொரிகடலையை மடியில் கட்டிக்கொண்டு மென்றார். உள்ளே வரும்போது மடியை அவரே அவிழ்த்துக் காட்டுவார். "கடலை. எண்ணுதீரா?" என்பார். நான் எண்ணவில்லை. கடலைக்குப் புகை இல்லை.

தினமும் காலையில் கேட்பார்.

"மருமவனே, என் பீடி?"

"வரும் மாமா."

எனக்குக் கேவலமாக இருந்தது. காதர் பாய் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். பதினேழு எண்ணி எடுத்தேன். அரை பீடிக்கு என்ன செய்வது? நான் விட்டவன். காதர் பாய் ஒன்றைப் பாதி குடித்து அணைத்துக் கொடுத்தார். பதினேழரையைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன்.

மாமனார் ஒவ்வொன்றாக எண்ணினார். அரையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது பாய் பல்லுப் பட்டது."

"ஆமா."

"என் பல்லுப் பட்டதுல்லா நான் குடுத்தேன்?"

நியாயம்தான்.

"அப்பம் நீங்களே ஒண்ணப் பாதி குடிச்சுத் தாங்க மாமா. சேத்து வச்சுத் தாரேன்."

அவர் அந்தப் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். மோந்து பார்த்தார். உள்ளே ராஜி இருமினாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

"என் பீடி வராம நான் வேற பீடி எப்படிக் குடிப்பேன்?"

பதினேழரையையும் என் பக்கம் தள்ளினார். வில்லையைச் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினார்.

இதற்கு வழி இருக்கிறதா என்று நானும் முதலாளியும் கேட்டில் நின்று பல நாள் பேசியிருக்கிறோம். வழி இல்லை.

அந்தக் கார்த்திகையில் ராஜியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை. மார்கழியில் ஒரு தடவை. நடந்தே வந்தாள். தை முடிந்து ஒரு நாள் மாமனார் கட்டிலில் இருந்து கத்தினார்.

"ஏட்டி செண்பகம், புள்ள நெஞ்சு இழுக்குது, ஓடியா."

ராஜி வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். நின்று கேட்டாள்.

"தாத்தா, அது பைப்பு," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஒப்படைத்தது

ஆபீஸில் மெஷின் வந்தது. ஆள் குறைந்தது. எனக்கும் வயசாயிற்று. இரண்டாயிரம் தாண்டிக் கொஞ்ச வருஷம் இருக்கும். புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேனிடம் கேட்டை ஒப்படைத்தேன். முதலாளியும் பக்கத்தில் நின்றார்.

சாவி இரண்டு. டார்ச் ஒன்று. விசில் ஒன்று. இரும்புப் பெட்டி ஒன்று. வில்லையை அவன் எண்ணினான்.

"அண்ணாச்சி, முப்பத்தொம்பதுதான் இருக்கு. பதினால காணும்."

"வெளிய இருக்கு."

"யாருட்ட?"

"என் மாமனாருட்ட."

"திருப்பித் தர மாட்டாவளா?"

"பீடியக் குடுத்தாத் தருவாவ."

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி ரோட்டைப் பார்த்தார்.

"எத்தன பீடி அண்ணாச்சி?"

பதினேழரை.